சோளக்கதிர் மாதிரி இருக்கே, அது என்ன சார்?



போன வாரம் நான் போட்ட ஒரு படத்துக்கு வந்த கேள்விகளைப் பார்த்து இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு இரும்பு உருளை, அதைச் சுற்றி வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். "சோளக்கதிர் மாதிரி இருக்கே, அது என்ன சார்?" என்று துபாயிலிருந்து ஒரு மாணவி. "கரும்பு ஜூஸ் மெஷின் வாங்கிட்டீங்களா மாமா?" என்று என் அக்கா மகன். "சார் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழிச்சு தொழில் தொடங்கிட்டாரு" என்று இன்னொருவன்.

தொழில் எதுவும் தொடங்கவில்லை. அது மரம் இழைக்கும் மெஷினுக்குள் சுழலும் கட்டர். ஸ்பைரல் கட்டர் என்று சொல்கிறார்கள். என் பழைய மாணவன் ஒருவனின் பட்டறையில் எடுத்த படம். பன்னிரண்டாம் வகுப்பில் 2001இல் முடித்தவன். பெயர் போட வேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டான், அதனால் 'தம்பி' என்றே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். மரவேலை செய்பவர்கள் இந்தக் குழுவில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், நீங்கள் அவசியம் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் இதை விட்டுப்போன ஒரு இயற்பியல் வகுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் பட்டறை காரைக்குடிப் பக்கம். இடிக்கிற பழைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் தேக்குதான் அவனுக்கு மூலதனம். உத்திரம், தூண், நிலை, ஜன்னல் சட்டம் என்று எடை போட்டு வாங்கி வந்து, அறுத்து, இழைத்து, புதுக் கதவும் மேசையும் ஊஞ்சல் பலகையும் செய்து கொடுக்கிறான். நூறு வருடம் வெயிலும் மழையும் பார்த்த பர்மாத் தேக்கு. இனிமேல் அவ்வளவாக முறுக்காது, விரியாது. ஆனால் அதற்குள் என்ன ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ யாரோ காலண்டர் மாட்ட அடித்த ஆணி, தலை உடைந்து உள்ளே இருக்கும். மெஷினுக்குள் போகும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பட்டறையில் இரண்டு இழைப்பு மெஷின்கள். ஒன்று சர்ஃபேஸ். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் ஜாயிண்டர் என்று சொல்வது இதைத்தான். முன்னால் ஒரு மேசை, பின்னால் ஒரு மேசை, நடுவில் கீழேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு சுழலும் கட்டர். பலகையை மேலே வைத்துக் கையால் தள்ளினால் அடிப்பக்கம் மட்டமாகும். இன்னொன்று திக்னஸ் மெஷின். அதில் கட்டர் மேலே இருக்கும். உருளைகள் பலகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மட்டமாக்கிய பக்கம் கீழே இருக்க, மேல்பக்கத்தை அதற்கு இணையாகச் சீவித் தள்ளும்.

இந்த வரிசை முக்கியம். வளைந்த பலகையை நேராகத் திக்னஸில் விட்டால் உருளைகள் அதை அமுக்கி நேராக்கி உள்ளே அனுப்பும். வெளியே வந்ததும் பழைய வளைவுக்கே போய்விடும். பலகை மெலிந்திருக்கும், நேராகியிருக்காது. ஆரம்பக் கணக்கைப் புரியாமல் அடுத்த கணக்குக்குப் போகிற பிள்ளை மாதிரி.

இந்த மெஷின்கள் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் வில்லியம் உட்வர்த் என்பவர் இழைப்பு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1828இல். அந்தக் காலத்தில் கத்திகளைச் சதுரமான ஒரு இரும்புக் கட்டையில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சதுரம் சுழலும்போது கட்டைக்கும் மேசைக்கும் நடுவே பெரிய இடைவெளி வந்து வந்து போகும். கை தவறினால் விரல் மட்டும் அல்ல, அந்த இடைவெளிக்குள் கையே போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருண்டையான கட்டர் வந்து அந்த இடைவெளியை அடைத்தது. சதுரத்தை வட்டமாக்கிய அந்த ஒரு மாற்றம் எத்தனை பேர் கையைக் காப்பாற்றியிருக்கும்!

தம்பியின் மெஷின்களில் இருந்தது அந்த உருண்டைக் கட்டர்தான். நீளவாக்கில் மூன்று நேர் கத்திகள். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் பார்க்கக்கூடியது இதுதான். இதில் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். மூன்று பிரச்சினைகள்.

முதலாவது, கத்தி மழுங்குவது. தேக்கு மரத்துக்குள் சிலிக்கா இருக்கிறது. நம் ஆற்று மணலில் இருக்கும் அதே சரக்கு. பார்ப்பதற்கு வழவழப்பான மரம், கத்திக்கு உப்புத்தாள். அதோடு ஆணி வேறு. ஒரு ஆணி பட்டால் கத்தியில் ஒரு பல் விழும். அதற்குப் பிறகு இழைக்கிற எல்லாப் பலகையிலும், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு மேட்டுக்கோடு வரும். அந்த ஒரு பல்லுக்காக மூன்று கத்திகளையும் கழற்றி, சாணை பிடித்து, திரும்ப மாட்ட வேண்டும்.

இரண்டாவது, அப்படி மாட்டுவது. மூன்று கத்திகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு கத்தி மயிரிழை தூக்கி நின்றாலும் வேலை முழுவதையும் அது ஒன்றே செய்யும், மற்ற இரண்டும் சும்மா சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டர் நிமிடத்துக்கு 5,000 சுற்று. பலகை நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்கிறது. மூன்று கத்தியும் வெட்டினால் நிமிடத்துக்கு 15,000 வெட்டு, ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே 0.4 மில்லிமீட்டர். ஒரு கத்தி மட்டும் வெட்டினால் அது 1.2 மில்லிமீட்டர். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பலகையில் சின்னச் சின்ன அலை தெரியும். பாலீஷ் போட்ட பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். அப்போது திட்டு வாங்குவது பாலீஷ்காரர்.

மூன்றாவது, சத்தம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி என்னைத் தேடி வந்ததே இதற்காகத்தான்.

15,000 வெட்டு ஒரு நிமிடத்துக்கு என்றால் ஒரு நொடிக்கு 250. அதாவது 250 ஹெர்ட்ஸ். பாட்டு தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், ஒரு கட்டை சுருதிக்குக் கொஞ்சம் கீழே. மரம் உள்ளே போகாமல் மெஷின் சும்மா ஓடும்போதே இந்தச் சுருதி கேட்கும். பன்னிரண்டு அங்குல நீளக் கத்தி மேசை விளிம்பைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் காற்றை வெட்டுகிறது. சங்கு ஊதுகிற சைரன் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். மரம் உள்ளே போனால் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டு அங்குலக் கத்தி முழுவதும் ஒரே நேரத்தில் மரத்தில் மோதுகிறது. நொடிக்கு 250 அடி. அந்தத் தெரு முழுவதும் அதிரும்.

பட்டறைக்குப் பின்னால்தான் தம்பியின் வீடு. மகள் பத்தாம் வகுப்பு. பக்கத்து வீட்டிலிருந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இடத்தை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. வீடுகள் உள்ள பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கிற அளவு. புகார் கொடுத்தவர் மீது தம்பிக்குக் கோபம் இல்லை. "அவுக வீட்ல கைக்குழந்தை இருக்கு சார், அவுக என்ன பண்ணுவாக" என்றான். ஆனால் பட்டறையை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் வாடகை, கரண்ட், காவல் என்று எல்லாம் புதிதாக வரும். வீட்டோடு இருந்து கணக்கு வழக்கு பார்க்கும் அவன் மனைவியால் அங்கே வர முடியாது. தொழிலே ஆட்டம் காணும்.

சத்தத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்தவர் ஒருவரும் அந்த வீட்டில் இருக்கிறார். தம்பியின் அப்பா. நாற்பது வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவர். நான் போனால், "வாங்க வாத்தியாரே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். நான் பேசினால் என் உதட்டையே பார்ப்பார். சத்தம் தின்ற காதுகள் முதலில் இழப்பது மேல்சுருதிகளை, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருப்பவற்றை. பேச்சில் ச, ட, க போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. "சத்தமா பேசுங்க"ன்னு சொல்வார், சத்தமாகப் பேசினாலும் புரியாது. காதுக்குள் இருக்கும் அந்த நுண்ணிய மயிர்ச் செல்கள் மனிதனுக்கு ஒருமுறை போனால் திரும்ப முளைப்பதில்லை.

இந்த நிலையில்தான் தம்பி ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினான். "சார், இந்த ஸ்பைரல் கட்டர் போட்டா சத்தம் பாதியா கொறையுமாம். திக்னஸ் மெஷினுக்கு 68,000 ரூபா சொல்றாங்க. நெசமா சார்? இல்ல யூடியூப் கதையா?"

நெசம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

இதில் நீளக் கத்தியே கிடையாது. உருளையின் மேல் சுருள் வரிசையில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் சுமார் 15 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு கார்பைடு பிட்டு, நடுவில் ஒரு ஸ்குரூ. தம்பியின் கட்டரில் 64 பிட்டுகள். சுழலும்போது இவை எல்லாம் ஒன்றாக மரத்தில் மோதுவதில்லை. ஒன்று வெட்டி முடிக்கும் நேரம் பக்கத்தில் இருப்பது தொடங்குகிறது. பள்ளி மணி அடித்ததும் அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்வதற்கும், வரிசையில் ஒவ்வொருவராகப் போவதற்கும் உள்ள வித்தியாசம். வேலை அதே வேலைதான், ஆனால் ஒரே அடியாக விழுவதில்லை. காற்றை வெட்டுவதும் அப்படியே. நீளமான விளிம்பு இல்லாததால் சைரன் ஊதுவது பெருமளவு அடங்குகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பிட்டுகள் சுருள் வரிசையில் இருந்தாலும் ஒவ்வொன்றின் விளிம்பும் மரத்தை நேருக்கு நேர் சந்திக்கும். இன்னொன்றில் ஒவ்வொரு பிட்டும் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து மரத்தைச் சரிவாக வெட்டும். இதை ஹெலிகல் என்பார்கள். வாழைக்காயைச் சீவும்போது கத்தியைச் சாய்த்து இழுத்தால் எப்படி இலகுவாகப் போகிறதோ அப்படி. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி விற்பார்கள். பிட்டு நேராக உட்கார்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். வேங்கை, வேம்பு மாதிரி நார் பின்னிப் பின்னி ஓடும் மரங்களில் நேர் கத்தி எதிர் நாரைப் பிய்த்துக் குழி போட்டுவிடும். சாய்ந்த பிட்டு அங்கேதான் தன் அருமையைக் காட்டும்.

கார்பைடு என்பது என்ன? டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்தது. பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையைப் பற்றி நான் நடத்திய பாடம் நினைவிருக்கிறதா? அந்த இழையை இழுப்பதற்கு அச்சு வேண்டும். வைர அச்சு விலை அதிகம். அதற்கு மாற்றுத் தேடி ஜெர்மனியில் ஓஸ்ராம் பல்பு நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் 1923இல் டங்ஸ்டன் கார்பைடு தூளையும் கோபால்ட்டையும் சேர்த்துச் சுட்டெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். க்ரூப் நிறுவனம் 1926இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் விடியா. 'வைரத்தைப் போல' என்று பொருள் தரும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். பல்புக்காகப் பிறந்தது இன்று காரைக்குடியில் தேக்கு இழைக்கிறது. சிலிக்காவின் கடினம் மோஸ் அளவில் 7, டங்ஸ்டன் கார்பைடு 9க்குப் பக்கம். அதனால்தான் தேக்கு இதை எளிதில் மழுக்க முடிவதில்லை. ஆனால் ஒன்று, கடினமானது எல்லாம் உறுதியானது அல்ல. கண்ணாடி மாதிரி, இதுவும் அடி விழுந்தால் உடையும்.

பிட்டுக்கு நான்கு விளிம்பு. ஒன்று மழுங்கினால் ஸ்குரூவைத் தளர்த்தி 90 பாகை திருப்பி வைத்தால் புது விளிம்பு. ஆணி பட்டால் அந்தப் பிட்டை மட்டும் திருப்பினால் போதும், மற்ற 63ஐயும் தொட வேண்டியதில்லை.

சரி, பணம்? "கணக்கு நோட்டைக் கொண்டுவாடா" என்றேன். அவன் மனைவி எழுதி வைத்திருந்த நோட்டு, மணி மணியான எழுத்து. திக்னஸ் மெஷின் கத்தியை வருடத்துக்கு 17 முறை கழற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சாணைக்கு 450 ரூபாய், இரண்டு ஆள் அரை நாள் சும்மா, அதற்குக் கூலி 1,000. அதற்கு மேல் புதுக் கத்தி வருடத்துக்கு 7,000. கூட்டினால் 31,650. கார்பைடு பிட்டு மாற்ற வருடத்துக்கு 3,000 என்று வைத்தாலும் மிச்சம் 28,650. 68,000ஐ இதால் வகுத்தால் இரண்டு வருடம் நாலரை மாதம். இது அவன் பட்டறைக் கணக்கு. உங்கள் பட்டறையில் வருடத்துக்கு நாலு தடவைதான் சாணை பிடிக்கிறீர்கள் என்றால் விடை வேறு. யார் சொன்னாலும் உங்கள் நோட்டைப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

அந்தப் பெண் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கூர்மை. "அய்யா, இதப் போட்டா அந்தப் புகார் போயிருமா? போவாதுன்னா, இந்தக் காச பாப்பா படிப்புக்கு வச்சிக்கலாம்ல?" கட்டரால் மட்டும் போகாது என்று சொன்னேன். கட்டர் பாதி வேலை. பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைப்பது, மெஷினுக்கு அடியில் ரப்பர் கட்டை, காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் திக்னஸ் ஓட்டுவதில்லை என்று வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுதிக் கொடுப்பது, இவை மீதிப் பாதி. "ரெண்டு பாதியும் செய்யறதா இருந்தா போடுங்க, இல்லாட்டி பாப்பா படிப்புக்கே வைங்க" என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போட்டார்கள். ஒரு மெஷினுக்கு மட்டும். நாள் முழுக்க ஓடுவதும், முழு அகலத்துக்கு வெட்டுவதும் திக்னஸ்தான். சர்ஃபேஸுக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முடிவு.

பெரியவருக்குத்தான் பிடிக்கவில்லை. "கத்தி தீட்டத் தெரியாதவன் என்ன ஆசாரி? இனிமே எல்லாம் ஸ்குரூ முறுக்குறவன்தான்" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அவர் தீட்டிய இழைப்புளியில் முழங்கை மயிரை மழித்துக் காட்டுவார். அந்தக் கைக்கு அந்தக் கோபம் உரிமை உள்ளது. நான் எதிர்த்துப் பேசவில்லை.

கட்டர் மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். செய்ய நினைப்பவர்களுக்கு முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தம்பி தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இதை எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள். சுவிட்சை யாரும் போட்டுவிடலாம், பையில் இருக்கும் ஃபியூஸை யாரும் போட முடியாது.

பழைய கட்டரை எடுப்பதற்கு முன் பெல்ட், புல்லி, பேரிங் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டான். தண்டின் விட்டம், சாவிக்காடி, பேரிங் நம்பர், கட்டரின் வெட்டு விட்டம் எல்லாம் ஆர்டர் கொடுக்கும் முன்பே அளந்தது. இதில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் உட்காராது. பேரிங்கையும் புதிதாகவே போட்டான். இவ்வளவு பிரித்த பிறகு பழைய பேரிங்கைத் திரும்பப் போடுவது கல்யாணத்துக்குப் பழைய செருப்போடு போவது மாதிரி.

பிட்டு உட்காரும் குழியில் ஒரு மரத்தூள் இருந்தாலும் ஆபத்து. பிட்டு தூக்கி நிற்கும், பலகையில் கோடு விழும், அல்லது ஸ்குரூ முறுக்கும்போது பிட்டு விரிசல் விடும். பின்னாளில் பிட்டு திருப்பும்போதும் பிரஷால் துடைத்து, காற்றடித்து, பிறகுதான் வைக்க வேண்டும். திருப்பும்போது எல்லாப் பிட்டிலும் ஒரே பக்கமாகத் திருப்ப வேண்டும், மூலையில் இருக்கும் அடையாளக் குறி அதற்குத்தான்.

ஸ்குரூ இறுக்கம் சுமார் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். அவரவர் கட்டரோடு வரும் தாளில் இருக்கும் அளவே முடிவு. கைக்கு வந்த இறுக்கு இறுக்கினால் கார்பைடு உடையும், தளர்ந்தால் பிட்டு பறக்கும். டார்க் ரெஞ்சை இரவல் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் மெக்கானிக்காக இருக்கும் அதே பேட்ச் மாணவன். 5 நியூட்டன் மீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டான். பத்து சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் 0.1 பெருக்கல் 49, அதாவது 4.9. திருப்புத்திறன் என்றால் விசை பெருக்கல் தூரம். "இத அப்பவே இப்படிச் சொல்லியிருந்தா பாஸாகியிருப்பேன் சார்" என்றான். அப்போதும் இப்படித்தான் சொன்னேன், அவன் அன்றைக்கு வரவில்லை. வருகைப் பதிவேடு சாட்சி.

கடைசியாக, திக்னஸ் மெஷினில் புதுக் கட்டரின் வெட்டு வட்டத்துக்கு ஏற்ப முன் உருளை, பின் உருளை, அமுக்குப் பட்டை ஆகியவற்றின் உயரத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். அடிமேசை கட்டருக்கு இணையாக இருக்கிறதா என்று இரு கோடியிலும் அளக்க வேண்டும். சர்ஃபேஸ் மெஷினில் மாற்றுபவர்கள் பின்மேசையைக் கட்டரின் உச்சிப் புள்ளிக்குச் சமமாக வைக்க வேண்டும். மேசை தாழ்ந்தால் பலகையின் வால் முனையில் குழி விழும், உயர்ந்தால் பலகை முட்டி நிற்கும்.

திங்கட்கிழமை ஓட்டினார்கள். முன்பே ஒரு நாள் நான் வாசலில் நின்று போன் செயலியில் சத்தம் அளந்து வைத்திருந்தேன். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் அதே போன், அதே இடம், அதே அகலப் பலகை என்றால் வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். 9 டெசிபல் குறைந்திருந்தது. ஒன்பதுதானா என்று நினைக்காதீர்கள். டெசிபல் மடங்குக் கணக்கு. 10 குறைந்தால் ஒலி ஆற்றல் பத்தில் ஒரு பங்கு, காதுக்குப் பாதிச் சத்தம் மாதிரித் தெரியும். பாதுகாப்பு அளவும் அப்படித்தான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி, 100க்குக் கால் மணி நேரம்தான்.

அதனால் ஸ்பைரல் போட்டாயிற்று என்று காது மூடியைக் கழற்றிவிடக் கூடாது. மெஷின் பக்கத்தில் நிற்பவனுக்கு அது இப்போதும் ஆபத்தான சத்தம்தான். தம்பியும் இரண்டு ஆட்களும் இப்போது காதுமூடி போட்டுக்கொள்கிறார்கள். புகார் கொடுத்த வீட்டுக்காரர் ஜன்னல் அடைத்ததையும் நேரம் எழுதிக் கொடுத்ததையும் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு அவ்வளவுதான். பட்டறை அதே இடத்தில் இருக்கிறது.

எல்லாம் நன்மை என்று சொல்ல மாட்டேன். எப்போதும் ஏதோ ஒரு பிட்டு மரத்தில் இருப்பதால் மோட்டாருக்குச் சுமை கொஞ்சம் கூடுகிறது. முன்பு ஒரே தடவையில் எடுத்த ஆழத்தை இரண்டு தடவையாக எடுக்கிறார்கள். நீளச் சுருளாக வந்த சீவல் இப்போது சின்னச் சின்ன நறுக்காக வருகிறது. தூசி உறிஞ்சும் குழாயில் அடைக்காது, ஆனால் கோழிப்பண்ணைக்காரர் பழைய சீவல்தான் வேண்டும் என்கிறார். இரண்டாவது வாரமே ஒரு ஆணி பட்டு மூன்று பிட்டில் முனை உடைந்தது. பத்து நிமிடத்தில் திருப்பிவைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். ஆனாலும் ஆணி தேடும் மெட்டல் டிடெக்டரை இப்போது முன்பைவிடக் கவனமாக ஓட்டுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பிட்டுகள் போன தடத்தில் பலகை மேல் மெல்லிய நீளக் கோடுகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்கும் பாலீஷுக்கும் தெரியும். மேசை மேல்பலகைக்கு அப்படியே பாலீஷ் போட முடியாது. உப்புத்தாள் போடலாம், நேரம் ஆகும். தம்பி ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனான். பெரியவர் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் தன் இழைப்புளியை எடுத்து வந்தார். நாலே இழுப்பு. வெங்காயச் சருகு மாதிரி நீளச் சீவல் வந்தது, கோடு போய்விட்டது. நேர் கத்தி மெஷினில் இழைத்த பலகையில் நார் பிய்ந்த குழிகள் இருக்கும், அதை எடுக்க இருபது இழுப்பு வேண்டும். இப்போது மெஷின் முக்கால்வாசி, அவர் கை கடைசிக் கால்வாசி. மேசைப் பலகை எல்லாம் இப்போது அவர் கை பட்டுத்தான் பாலீஷுக்குப் போகிறது. புதுக் கட்டரைப் பற்றி இன்னும் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை, கேட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுகிறார்.

மரவேலை செய்யும் என் மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, நாற்பது வயது தாண்டியவர்கள் ஒருமுறை காது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். இரண்டு, இந்த ஸ்பைரல் கட்டரைப் பார்த்தால் பற்கள் சின்னதாக, சாது மாதிரி இருக்கும். சத்தமும் குறைவு. சத்தம் குறைந்தால் பயமும் குறையும், அதுதான் ஆபத்து. விரலுக்கு நேர் கத்தியும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். சர்ஃபேஸ் மெஷினின் காப்பு மூடியைக் கழற்றிப் போடாதீர்கள். சின்னத் துண்டுகளை விரலால் தள்ளாதீர்கள், தள்ளுகட்டை செய்துகொள்ளுங்கள். ஆசாரிக்குத் தள்ளுகட்டை செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

வாத்தியார் வந்தால் வீட்டுப்பாடம் இல்லாமல் போக மாட்டார் அல்லவா? இதோ. கட்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5,000 சுற்று. பிட்டின் முனை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது? வழிமுறையோடு கமென்ட்டில் எழுதுங்கள், விடை மட்டும் எழுதினால் அரை மதிப்பெண்தான். பட்டறை வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைச் சாக்பீஸால் மெஷினுக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.